சூடே ஏறாத எஞ்சின்

ஹீட்டர் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பழைய காரை வாங்கினேன்.

என் மனைவிக்கு இளைப்பு. மூணாறில் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறாள். எங்கள் ஊர் சூரியநெல்லியிலிருந்து விடிந்ததும் ஷேர் ஜீப் ஏற வேண்டும். ஜீப்புக்குக் கதவு கிடையாது, தார்ப்பாய்தான்; இரண்டு பக்கமும் காற்று அடிக்கும். மார்கழி, தை மாதங்களில் போய்ச் சேருவதற்குள்ளேயே அவளுக்கு மூச்சு விசிலடிக்கும். கதவடைத்த வண்டி, உள்ளே சூட்டுக்காற்று. அது போதும் என்று நினைத்தேன்.

கார் மலைக்குக் கீழே, வெயில் ஊரான கொல்லங்கோட்டில் இருந்தது. விற்றவர் நெல் விவசாயி. பானட்டைத் தட்டிக் காட்டினார்.

"ஏனுங்க, கோடை வெயில்ல கோயமுத்தூர் போய்ட்டு வந்தாலும் சூடு காட்டற முள்ளு மேல ஏறாதுங்க. எஞ்சின் ஐஸ் கட்டியாட்ட இருக்கும்."

"ஹீட்டர் வேல செய்யுமா?"

"அது எதுக்குங்க? இங்க இருக்கற சூடு பத்தாதா? ஒரு நாளும் போட்டதில்லீங்க."

சிரித்தோம். வாங்கி வந்தேன்.

முதல் நாள் அவளை ஏற்றிக்கொண்டு ஹீட்டரைப் போட்டேன். பச்சைத் தண்ணீர் மாதிரி காற்று வந்தது. முன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. அவள் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் எதிரே வந்த லாரி கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. ஓரம் கட்டினேன். அவள் இறங்கிவிட்டாள்.

"இதுக்கு ஜீப்பே தேவல. அந்த டிரைவருக்காவது ரோடு தெரியும்."

மறுநாள் முதல் மறுபடி ஜீப். இந்தப் பனிக்காலமும் இப்படியே போனால் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். அவளுக்குப் பிடித்த வேலை.

எனக்குத் தேயிலை ஃபாக்டரியில், இலையைக் காயவைக்கும் ட்ரையருக்கு நெருப்புப் போடும் வேலை. படிப்பு ஐந்தாவதோடு சரி. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். நானே சரி செய்வதென்று காரை நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்து முற்றத்தில் நிறுத்தினேன்.

ஹீட்டருக்குச் சூடு எஞ்சின் தண்ணீரிலிருந்து வருகிறது. இரண்டு குழாய் வழியாக டாஷ்போர்டுக்குள் போய்த் திரும்புகிறது. நடுவில் அடைப்பு இருக்கும் என்று டாஷ்போர்டைக் கழற்றினேன். ஹீட்டர் காயிலை வெளியே எடுத்து ஒரு பக்கம் தண்ணீர் விட்டேன். மறுபக்கம் பீச்சியது. அடைப்பில்லை. திரும்ப மாட்டினேன். கொஞ்சம் ஸ்க்ரூ மிஞ்சியது.

பக்கத்து வீட்டு டிராக்டர் டிரைவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "என்னண்ணே, கொல்லங்கோட்டுக்காரன் ஸ்க்ரூவ மட்டும் தாராளமா குடுத்துட்டானோ?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை ஓட விட்டு ஒவ்வொரு ஹோஸாகத் தொட்டுப் பார்த்தேன். எஞ்சின் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சுட வேண்டும். இதில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே வெதுவெதுப்பு. அதற்கு மேல் ஏறவே இல்லை. முள் அடியிலேயே கிடந்தது.

ட்ரையரில் கதவு திறந்து கிடந்தால் எவ்வளவு விறகு போட்டாலும் சூடு நிற்காது. இங்கேயும் ஏதோ கதவு திறந்து கிடக்கிறது என்று பட்டது.

எஞ்சினில் அந்தக் கதவுக்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். எஞ்சின் காயும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் சின்ன வால்வு. எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. போனில் பார்த்த வீடியோவில் வேறு வண்டி. கடைசியில் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டே போனேன். அது எஞ்சினில் முடிகிற இடத்தில், ஏர் ஃபில்டர் டப்பாவுக்குக் கீழே, ஒரு அலுமினிய மூடி. இரண்டு போல்ட். திறந்தேன்.

உள்ளே ஒன்றுமில்லை. வெறும் ஓட்டை.

கொல்லங்கோட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"அந்த வால்வுங்களா? அது எப்பவோ கழட்டி வீசியாச்சுங்க. இந்த வெயிலுக்கு அது இருந்தா வண்டி கொதிச்சுப்போகுமுங்க. இங்க பாதிப் பேரு அப்படித்தான் ஓட்டறாங்க."

"எங்க ஊர்ல பனிங்க."

"அட, ஆமாமுங்க! அத நா நெனைக்கவே இல்ல பாருங்க."

கோபம் வரவில்லை. அவர் ஊருக்கு ஏற்ற மாதிரி அவர் செய்திருந்தார்.

மூணாறு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் தூசி தட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதக் கழட்டணும்னுதாண்ணே எல்லாரும் வருவாங்க. மாட்டணும்னு வந்த மொத ஆளு நீங்க."

அப்படியே மாட்டவில்லை. வேலை செய்கிறதா என்று பார்க்க நூலில் கட்டி, அடுப்பில் இருந்த வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டேன்.

"உப்பு போட்டாச்சா?" என்றாள் மனைவி.

கொதிக்கப் போகும் நேரத்தில் வால்வு மெல்ல வாய் திறந்தது. வெளியே எடுத்து ஆற வைத்ததும் மூடியது. அவளும் குனிந்து பார்த்தாள்.

மூடிக்கு அடியில் ஒழுகாமல் இருக்க ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்தேன். ஸ்பிரிங் எஞ்சின் பக்கம். காற்று போகிற சின்ன ஓட்டை மேலே. புது கேஸ்கெட். அலுமினியத்தில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ரேடியேட்டரில் கூலண்ட் தண்ணீர் ஊற்றி, அதன் மூடியைப் போடாமல் எஞ்சினை ஓட விட்டேன். குமிழி அடங்கும்வரை ஊற்றி மூடினேன்.

மேல் ஹோஸில் கை வைத்து நின்றேன். குளிர்ந்தே இருந்தது. முள் எழுந்தது. நடுவுக்கு வந்தது. திடீரென்று ஹோஸ் கையைச் சுட்டது.

"சுடுது!" என்று கத்திவிட்டேன்.

"சுட்டா கைய எடுங்கண்ணே," என்றார் டிராக்டர் டிரைவர்.

மறுநாள் விடியலில் எஞ்சினைக் காயவைத்து ஜீப் ஸ்டாண்டுக்கு ஓட்டிப் போனேன். காரை நம்பாமல் முன்னாலேயே கிளம்பி வந்திருந்த மனைவி ஜீப்புக்கு நின்றிருந்தாள். ஜன்னலை இறக்கினேன். அவள் முதலில் கையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து ஏறினாள்.

கண்ணாடி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வெளியே பனி இருந்தும் உள்ளிருந்து ரோடு தெரிந்தது. ஏற்றத்தில் முன்னால் போன ஒரு ஷேர் ஜீப்பை முந்தினேன். அவள் குல்லாவைக் கழற்றினாள். அப்புறம் ஸ்வெட்டரையும்.

"கொஞ்சம் கொறைங்க. வேர்க்குது."

குறைத்தேன். மூணாறு வரை ஒரு இருமல் இல்லை.

லாட்ஜ் வாசலில் இறங்கியதும் திரும்பி வந்து ஜன்னலைத் தட்டினாள். "சாயங்காலம் வந்துருங்க. எங்கூட வேல பாக்குற ரெண்டு அக்காமாரையும் ஏறச் சொல்லப்போறேன். பின் சீட்டுல கெடக்குற ஸ்பேனரெல்லாம் எடுத்துப் போடுங்க."