மேற்குப் பங்கு

வடக்குப்பட்டு நடேசனுக்குத் தம்பி புருஷோத்தமன் மேல் பொறாமை. இது ஊரறிந்த விஷயம், ஏனென்றால் ஊருக்குச் சொன்னதே நடேசன்தான். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அவர் செக்யூரிட்டி. ஷிப்டுக்கு ஆள் ஏற்றிவரும் பஸ்களுக்கு கேட்டைத் திறந்துவிடுவது வேலை. டிரைவர்கள் டீ குடிக்க இறங்கினால் போதும், தன் தம்பி தன்னை எப்படி ஏமாற்றினான் என்று ஆரம்பித்துவிடுவார். ஏமாற்றினானா என்றால், அதுதான் இல்லை.

அப்பா இறந்ததும், தொண்ணூற்றெட்டில், நாற்பது சென்ட் மனையை வாயாலேயே பாகம் பிரித்தார்கள். மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். அதுதான் அந்த வீட்டு வழக்கம். எந்தப் பாதி தன் தலையில் விழும் என்று தெரியாதவன் ஒரு சாண் கூடக் கூட்டிக் குறைக்க மாட்டான். நடேசனும் கயிறு பிடித்துப் பார்த்துப் பார்த்துத்தான் பிரித்தார். கிழக்கே ஓட்டு வீடும் கிணறும். மேற்கே வெறும் மனை, ஆனால் ரோட்டை ஒட்டியது. புதிதாகக் கல்யாணம் ஆன புருஷோத்தமன், குடியிருக்க வீடு வேண்டும் என்று கிழக்கைக் காட்டினான். அவன் விரல் நீண்ட அந்த நிமிஷத்தில் கிழக்குப் பாதி நடேசன் கண்ணுக்குத் தங்கமாகிவிட்டது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இவர் அதே பச்சையை இருபத்தேழு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் தொழிலாளர் விடுதி கட்டுகிறவர் ஒருவர் வந்து இரண்டு பாதியையும் வாங்கினார். சென்டுக்கு ஒரே விலை. அதுதான் நடேசனுக்குப் பொறுக்கவில்லை. கிழக்குக்குக் கூடக் கொடுத்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிப் புலம்பலாம், மேற்குக்குக் கூடக் கொடுத்திருந்தால் ஜெயித்தேன் என்று மீசையை முறுக்கலாம். சரிசமமாகக் கொடுத்தவனை என்ன செய்வது?

விற்றதற்கு வருமான வரி கட்ட வேண்டும், அதற்கு இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஏப்ரல் மாதம் அந்தச் சொத்தின் மதிப்பு என்ன என்று மதிப்பீட்டாளர் எழுதித் தர வேண்டும் என்றார் ஆடிட்டர். செலவு மிச்சம் என்று அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே ஆளாக, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ரஞ்சனா என்ற இன்ஜினியர் வந்தாள். அளவு டேப்பும் நோட்டும் கையுமாக அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்த வருஷம் இந்த இடம் எப்படி இருந்தது?

நடேசன் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒரு காலத்தில் வீட்டு வரி போட ஆள் வந்தபோது, மாடி கட்டியவன் கூடக் குடிசை என்றுதான் சொன்னான். மதிப்பு ஏறினால் வரி ஏறும், இது தெரியாதா? ஆகவே தம்பியின் பாதியைத் தூக்கித் தலையில் வைத்துப் பேசினார். வீடு தேக்கு உத்தரம், கிணறு கோடையிலும் வற்றாது, வாசல் வரைக்கும் கார் வரும். தன் பாதி? முள்ளு மண்டின கரம்பு, ரோடே கிடையாது, மாடு கூட மேயாது. அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வருஷக்கணக்காக கேட்டில் ஒப்பித்த பாடம். வரி கட்டும்போது தம்பி முழி பிதுங்குவதை நினைத்து அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடச் சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்து வாலாஜாபாத்தில் புருஷோத்தமன் கட்டிய புது வீட்டில் எல்லோரும் கூடினார்கள். நடேசனோடு மனைவி கனகமும் வந்திருந்தாள். இரண்டு முட்டியும் தேய்ந்து போனவள். மனை விற்ற பணத்தில்தான் அவளுக்கு ஆபரேஷன் என்று தேதியும் வாங்கியாயிற்று. ரஞ்சனா நிதானமாக விளக்கினாள். விற்ற விலையிலிருந்து அந்தப் பழைய மதிப்பைக் கழித்துவிடுவார்கள், மிச்சத்துக்குத்தான் வரி. பழைய மதிப்பு கூடினால் வரி குறையும். தம்பிக்கு வரி நன்றாகக் குறைந்துவிட்டது. ரோடு இல்லாத உள்மனை என்று அண்ணன் சொன்னதால், அவருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கூடுதலாக வரும்.

நடேசன் போட்ட கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது. கனகம் ஆபரேஷன் தேதியை நினைத்தாளோ என்னவோ, புடவைத் தலைப்பை முறுக்க ஆரம்பித்தாள்.

புருஷோத்தமன்தான் முதலில் பேசினான். "மேடம், அந்தப் பக்கமும் தார் ரோடு அப்பவே வந்துடுச்சி. அண்ணன் ரெண்டாயிரத்துலயே ஷெட்டு போட்டு லாரி மெக்கானிக்குக்கு வாடகைக்கு வுட்டாரே. பத்திரத்துல நான்தான் சாட்சி."

அந்தப் பத்திரம் இருந்தால் மாற்றி எழுதிவிடலாம் என்றாள் ரஞ்சனா. பத்திரம் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அந்த வாடகையில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும். ஆனால் அதை நீட்டினால் மேற்குப் பங்கு நல்ல பங்கு என்று தம்பி எதிரில், தம்பி வீட்டிலேயே, ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே. அதற்கு இரண்டு லட்சம் போனாலும் போகட்டும் என்று தோன்றியது நடேசனுக்கு.

"அதெல்லாம் எப்பவோ கரையான் துன்னுடுச்சி."

கனகம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டிக்கு வருஷா வருஷம் நாப்தலின் உருண்டை போடுகிறவள் அவள். அவர் முறைத்த முறைப்பில் மறுபடி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுண்ணா" என்றான் புருஷோத்தமன். "எனக்குக் கம்மியாயிட்ச்சி இல்ல? உனுக்கு ஏறுனத நான் கட்டிட்றேன். அண்ணிக்கு ஆபரேஷன் நிக்கக் கூடாது."

அவன் மனதாரத்தான் சொன்னான். அதுதான் நடேசனைச் சுட்டது. கிணறு போனது, வீடு போனது, இப்போது கொடுக்கிற கை கூட அவனுக்கா? நாளைக்குக் கனகம் நன்றாக நடந்தால், அது புருஷோத்தமன் போட்ட பிச்சை என்று ஊர் சொல்லும். அதைவிட நாண்டுகொண்டு சாகலாம்.

"கரையான் துன்னல மேடம்" என்றார். "பொட்டியிலதான் கீது. ரோடு, ஷெட்டு, கரண்டு எல்லாம் அப்பவே இருந்துது. நல்ல மனைதான்."

ரஞ்சனா எழுதிக்கொண்டாள். பத்திரம் வந்ததும் இரண்டு பங்குக்கும் மதிப்பு ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும் என்றாள். புருஷோத்தமன் சந்தோஷமாக அண்ணிக்குக் காபி கொண்டுவரச் சொன்னான்.

கிளம்பும்போது நடேசன் கனகத்தைக் கைபிடித்துப் படி இறக்கினார். படியெல்லாம் கறுப்புக் கிரானைட், முகம் தெரிந்தது. பார்த்ததுமே வயிறு எரிய ஆரம்பித்தது. முன்னெல்லாம் எரிந்தால் அதற்கு ஒரு நியாயம் சொல்லிக்கொள்வார். இன்றைக்கு வெறுமனே எரிந்தது.