நெற்றியில் கை வைக்காதீர் என்ற கதிர்காமு மாஸ்ரர்

கதிர்காமு மாஸ்ரர் இறந்த செய்தி வந்தபோது நான் வைக்கோற்போரின் உச்சியில் நின்றேன். இடுப்பில் ஈரத் துண்டு. அதுவும் முழுத் துண்டு அல்ல. மறுபாதி கீழே நின்ற கிடாயின் வாயில் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பியூன் செல்லையா சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, "வாத்தியார், எங்கடை கதிர்காமு மாஸ்ரர் விடியப்புறம் மோசம் போனார்" என்றான். அதற்கு நான் சொன்ன முதல் வார்த்தையை மறைக்கத்தான் ஆசை. ஆனால் செல்லையா அதை மருதனார்மடச் சந்தியின் தேநீர்க் கடைகளிலெல்லாம் சொல்லிவிட்டான். ஆகவே நானே எழுதிவிடுகிறேன். "முதலிலை உந்தக் கிடாயைப் பிடி" என்றேன்.

அவரை அறிந்தவர்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். அவர் மன்னித்திருப்பார், அதுதான் கூடுதல் வெட்கம்.

சாவகச்சேரியிலிருந்து காலை ரயிலில் வந்து, குடையை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடந்து வருகிற அந்த நெடிய மனிதரை உங்களுக்கு நினைவிருக்கும். கணக்கில் பிழை விட்ட பையனை அவர் அடித்ததில்லை. கரும்பலகைக்கு முன் நிறுத்திவிட்டு, "உந்தப் பிழையோடை கொஞ்ச நேரம் நில்லும், ரெண்டு பேரும் பழகுங்கோ" என்பார். நான் விடுகிற பகிடிகளுக்கு ஆசிரியர் அறை முழுதும் சிரிக்கும். அவர் மட்டும் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தபடி, "முடிஞ்சுதோ?" என்று கேட்பார். அந்த ஒரு மனிதரைச் சிரிக்க வைக்கவே நான் இவ்வளவு காலம் பகிடி விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

என் கடைசி மகள் நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது என் மனைவி வைரவருக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். பிள்ளை எழுந்தால் ஒரு கிடாய்க்குட்டியை வளர்த்துக் கோயில் வாசலில் விடுவதாக. எங்கள் பக்கத்தில் நேர்த்திக் குட்டிக்கு மரியாதை அதிகம். அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, நாள்தோறும் நெற்றியில் திருநீறு பூச வேண்டும். மகள் எழுந்தாள். குட்டியும் வந்தது. குட்டியின் தாய் ஈன்ற கையோடு செத்துப்போக, மடியில் வைத்துப் போத்தலில் பால் கொடுக்கும் உத்தியோகம் எனக்கு வந்தது. மூன்று பெண்களைப் பெற்றவன் நான். குட்டிக்குத் தம்பிராசா என்று பெயர் வைத்தேன்.

இதை நான் ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னேன்.

"குட்டி எங்கை படுக்குது?" என்று கேட்டார் மாஸ்ரர்.

"என்ரை கால்மாட்டிலை."

"அது வளர்ந்தாப் பிறகு நீர் எங்கை படுப்பீர்?"

எல்லோரும் சிரித்தார்கள். என் பகிடிக்கு அல்லாமல் அவர்கள் சிரித்த முதல் நாள் அது. மாஸ்ரர் சிரிக்கவில்லை. "பாலைக் குடுத்திட்டு, விட்டிட்டு வாரும். மற்ற ஆடுகளோடை அது நிக்கட்டும். பெட்டை மறிக்குட்டி எண்டால் கொஞ்சம் கொஞ்சினாலும் பறவாயில்லை. கிடாய்க்குட்டியைக் கொஞ்சினால் அது தன்னை மனிசன் எண்டு நினைக்காது. உம்மை ஆடெண்டு நினைக்கும்" என்றார்.

ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் தம்பிராசாவுக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தேன். பெருவிரலை நெற்றியில் அழுத்துவேன். அது முட்டித் தள்ளும். நானும் தள்ளுவேன்; அது பின்வாங்கி, துள்ளி வந்து மறுபடி முட்டும். வீடே கூடிச் சிரிக்கும். மாஸ்ரர் கைகளைப் பின்னால் கட்டியபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீர் திருநீறு பூசேல்லைக் காணும், சண்டைக்குக் கூப்பிடுறீர். இண்டைக்குப் பூப்போலை முட்டுது. நாளைக்கும் இதே விளையாட்டுத்தான், பாரம்தான் கூடும். நெத்தியிலை கை வையாதையும்."

"வைரவற்றை பிள்ளைக்குத் திருநீறு பூசாமல் விடலாமோ மாஸ்ரர்?" என்றாள் என் மனைவி.

"பூசும் தங்கச்சி, முதுகிலை பூசும். வைரவர் தேடிப் பாப்பார்."

நான் கேட்கவில்லை. தம்பிராசாவுக்குக் கொம்பு வந்தது. அரிசி கூப்பனுக்கு வந்த காலம். வீட்டில் எத்தனை வாய் என்று பார்க்க ஊர் அதிகாரியான விதானையார் வந்திருந்தார். நான் உள்ளே நின்று, "தம்பிராசா, இஞ்சை வா ராசா" என்று கூப்பிட்டது அவர் காதில் விழுந்தது.

"ஆர் உந்தத் தம்பிராசா? அவருக்கும் கூப்பனோ?" என்றார்.

பதில் சொல்லத் தம்பிராசாவே நேரில் வந்தார். விதானையார் மாட்டுக் கழுநீர்த் தொட்டிக்குள் இருந்தபடி, "இனி ஒருக்கால் ஆரையும் இடிச்சுதெண்டால் கசாப்புக்காரனைக் கூட்டிக்கொண்டுதான் வருவன்" என்று தீர்ப்புச் சொன்னார். கோயில் பூசாரியும் கேள்விப்பட்டு, இடிக்கிற கிடாயை வாசலில் விட்டால் சனம் வராது, திருத்தினால் கொண்டுவாருங்கள் என்று சொல்லியனுப்பினார். நேர்த்தி தவறினால் மகளுக்கு என்ன ஆகுமோ என்று என் மனைவி சோறு தின்பதை விட்டாள். மகள் ஒருதரம் இருமினால் போதும். அவள் கிடாயைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

மாஸ்ரர்தான் வழி சொன்னார். அயல்வீட்டுக் கந்தப்புவின் பட்டியில் பெரிய கிடாய் ஒன்று நின்றது. தம்பிராசாவை அதோடு விடவேண்டும். மனைவி தின்னக் குழையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். நான் அந்தப் பக்கமே போகக் கூடாது.

"பெரிய கிடாய் அடிச்சுப்போடுமே மாஸ்ரர், நேர்த்திக் குட்டியெல்லோ" என்று மனைவி அழுதாள்.

"ஆட்டை ஆடு அடிச்சால் அது அடியில்லைத் தங்கச்சி, படிப்பு."

பிறகு ஒவ்வொரு மத்தியானமும் பொட்டலத்தை அவிழ்க்கும்போது என்னைப் பார்த்து, "கை வைச்சனீரோ?" என்பார். "சீச்சீ, இல்லை" என்பேன். பொழுதுபட்டதும் கந்தப்புவின் வேலிப் பொட்டுக்குள்ளால் கையை விட்டு அந்த நெற்றியைச் சொறிந்துவிட்டு வருவேன். அது என் குரல் கேட்டு ஓடிவரும். என் வகுப்புப் பையன்களும், என் சொந்தப் பிள்ளைகளும்கூட, என் குரல் கேட்டு எதிர்ப்பக்கம்தான் ஓடுவார்கள். நான் என்ன செய்ய?

மாஸ்ரர் நோயில் விழுந்து வீட்டோடு இருந்தார். ஆசிரியர்கள் எல்லோரும் பார்க்கப் போனார்கள். எனக்கு வயிற்றுக்குத்து என்று சொன்னேன். குத்து வயிற்றில் இல்லை. போனால் அந்தக் கேள்வியைக் கேட்பார். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லப் பயம். பார்க்கப் போகாத கவலையில், தம்பிராசா ஒருதரம் வீட்டுக்கு வந்து போகட்டும் என்று கூட்டிவந்தேன். விளைவுதான் வைக்கோற்போர்.

செத்த வீட்டுக்குப் போனேன். வாசலில் யாரோ, "பகிடி வாத்தியார் வந்திட்டார்" என்றார்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று நாலைந்து முகங்கள் என்னைப் பார்த்தன. எப்போதும் பின்னால் கட்டியிருந்த அவர் கைகளை நெஞ்சின்மேல் எடுத்து வைத்திருந்தார்கள். அவர் மனைவி என்னைக் கண்டதும், "உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவர். கிடாய் இப்ப என்ன மாதிரி, ஒருக்கால் வந்து சொல்லட்டுமாம் எண்டு" என்றார். "நல்லாத் திருந்தியிட்டுது" என்றேன். பிணத்துக்கு முன்னாலும் பொய்.

அந்தப் பொய்யை மெய்யாக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. தம்பிராசா பட்டிக்குத் திரும்பிப் போனான். நான் வேலிப் பொட்டை அடைத்தேன். அவன் கத்தியபோது வீட்டுக்குள் இருந்து காதைப் பொத்திக்கொண்டேன். கோயில் மடைத் திருவிழா வந்தது. மனைவி குழையைக் காட்டி நடத்திச் செல்ல, நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் போனேன். பூசாரி திருநீற்றோடு பெருவிரலை நீட்டினார். "ஐயா, முதுகிலை! முதுகிலை!" என்று என் மனைவி போட்ட சத்தத்தில் மேளகாரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். முதுகில் பூசினார். தம்பிராசா யாரையும் இடிக்கவில்லை. கோயில் ஆடுகள் நின்ற பக்கம் போய்ப் பூவரசங்குழையைக் கடிக்கத் தொடங்கினான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நோகத்தான் செய்தது. மகள் பக்கத்தில் நின்று கச்சான்கடலை தின்றுகொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. கொஞ்சினேன். பெண்பிள்ளைதானே, பறவாயில்லை.

மாஸ்ரரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது "கை வைச்சனீரோ?" என்ற அந்தக் கேள்விதான். பாசம் என்று நினைத்து எதன்மேலாவது கையை நீட்டும்போதெல்லாம், சோற்றுப் பொட்டலத்துக்கு மேலால் அவர் என்னைப் பார்க்கிறார். அனுபவத்தில் பழுத்த வார்த்தை என்று என் வகுப்புக்கும் அதைச் சொல்லி வருகிறேன்.

அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குப் போனபோது, இந்த ஞானமெல்லாம் பிறந்த ஆட்டுக்கொட்டிலை ஒருதரம் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று, அது எந்தப் பக்கம் என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"ஆட்டுக்கொட்டிலோ?" என்றார் அந்த அம்மா. "நாங்கள் ஒருநாளும் ஆடு வளர்க்கேல்லையே."