ஞானமுத்து தர வேண்டிய ஒரு காது

ஆம்பூரில் ஒருவர் செத்துப்போனவர்களை டீக் கோப்பையில் வரவழைக்கிறார் என்று 2007 மழைக்காலத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. கறுப்புக் கோப்பையாம். கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றினால் வெளிப்பக்கம் முகம் தெரியுமாம். ஆறினால் போய்விடுமாம். பேரணாம்பட்டு பஸ்ஸில் இதைச் சொன்னவர், சர்க்கரை கம்மியானால் செத்தவருக்குக் கோபம் வரும் என்றும் சேர்த்துக்கொண்டார். உயிரோடு இருக்கும் வார்டு கவுன்சிலரையே வரவழைக்க முடியாத ஊரில் இது பெரிய விஷயம். இறங்கிவிட்டேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ரஃபி அகமது சிரித்தார். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல சார். நம்ம ஞானமுத்துதான், கப்புல போட்டோ போடுறான். பின்சந்துல போங்க. அங்க போயி டீ கேக்காதீங்க, வெறும் கப்பு மட்டும்தான் இருக்கும்."

ஞானமுத்து இருபத்திரண்டு வருடம் ஒரு தோல் தொழிற்சாலையில் இருந்தவர். சூடான இரும்புத் தட்டின் கீழே தோலை வைத்து அழுத்திப் பளபளப்பேற்றும் மிஷின் அவருடையது. தொழிற்சாலையைப் பூட்டிக் கணக்கு முடித்தபோது, கூட இருந்தவர்கள் ஆட்டோ வாங்கினார்கள், மகளுக்குக் கல்யாணம் செய்தார்கள். இவர் சென்னைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர், சட்டைக்கும் கோப்பைக்கும் படம் ஏற்றும் சூட்டு மிஷின்கள் என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டு வந்தார். "சூடு, அழுத்தம், டைம், மூணுதான் விஷயம்" என்று விற்றவன் சொன்னானாம். மூன்றோடும் குடும்பம் நடத்தியவருக்கு வேறென்ன வேண்டும்?

படத்தை இடம்வலம் மாற்றிக் காகிதத்தில் அச்சடிக்க வேண்டும். அதைத் துணியிலோ கோப்பையிலோ வைத்துச் சூடேற்றினால் மை புகையாகி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் மாதம் இவர் இடம்வலம் மாற்ற மறந்தார். ஒரு கிரிக்கெட் டீமின் பெயரை எதிரணி கண்ணாடி வைத்துத்தான் படித்தது. அடுத்த மாதம் பருத்திச் சட்டையில் போட்டார். இரண்டாவது தடவை துவைத்ததும் கேப்டனே காணாமல் போனார். பாலியஸ்டர்தான் மையைப் பிடிக்கும் என்று தெரிந்து திருந்திய பிறகும், போட்ட முகமெல்லாம் மூடுபனியில் எடுத்தது போலவே வந்தது. மையைத் திட்டினார், மின்வாரியத்தைத் திட்டினார். அவர் மனைவி யாரையும் திட்டவில்லை. ஒரு ஷூ கம்பெனியில் வாட்ச்மேன் வேலை காலி என்று கேள்விப்பட்டு, கணவருக்குக் காக்கிச் சட்டைக்கு அளவெடுத்துவிட்டார்.

அந்த வாரம்தான் டோரதி சிஸ்டர் வந்தார். வேலூரில் ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சூட்டில் சுத்தம் செய்யும் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் ஜெயசிங் ரயில்வேயில் கார்டு. அவர் இறந்து ஒரு வருடம். சனிக்கிழமை வீட்டில் நினைவு ஜெபம்.

"முப்பது பேர் வருவாங்க. அவங்க முன்னாடி டீ ஊத்துவேன். மூஞ்சி பளிச்சுனு வரணும்."

முப்பது பேர் என்றால் முப்பது வாடிக்கை. கெட்டுப்போனால் முப்பது வாய். அதன் பிறகு காக்கிச் சட்டைதான். ஞானமுத்துவிடம் இருந்ததோ, சூடு பட்டால் கறுப்பு விலகிப் படத்தைக் காட்டும் கோப்பைகள் இரண்டே.

முதல் கோப்பை வியாழக்கிழமை வந்தது.

"யாருய்யா இது?"

"சார்தான் சிஸ்டர்."

"இது அவர்னா, இத்தினி வருஷம் நான் வேற யாருக்கோ சோறு போட்டிருக்கேன். இன்னொண்ண என் கண்ணு முன்னாடி செய்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். ஞானமுத்து ஈரத்துணியைப் பிழிந்து கோப்பையைத் துடைத்தார். அதே கையால் காகிதத்தையும் ஒரு தட்டு தட்டினார்.

"இன்னாத்துக்கு ஈரம்?"

"காய்ஞ்சி இருந்தா பிளேட்டுக்கு அடியில தோல் வெடிச்சிடும் சிஸ்டர். லேசா ஈரம் காட்டணும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்."

"இது தோலா?"

தோலே பிழைப்பான ஆம்பூரில் அதுவரை யாரும் யாரையும் கேட்டிராத கேள்வி. ஞானமுத்து கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சட்டைக்கும் இதேதானா?"

"அதுக்குத் தண்ணி ஸ்பிரே."

"கர்த்தரே! எங்க டிபார்ட்மெண்ட்ல கத்திரிக்கோல் மூட்டை ஈரமா வெளிய வந்தா அப்படியே திருப்பி அனுப்பிடுவோம். சூட்டுல தண்ணி கொதிச்சி ஆவியா ஓடும்போது உன் மையையும் இழுத்துக்கிட்டுத்தானே ஓடும்?"

அதன்பின் மிஷின் ஞானமுத்துவுடையது, ஆட்சி டோரதியுடையது. ஸ்பிரிட் தொட்டுக் கோப்பையைத் துடைத்து உலர விட்டார்கள். காகிதத்தை விளக்குக்குப் பக்கத்தில் காயவைத்தார்கள். அது நகராமல் இருக்கச் சூடு தாங்கும் டேப்பை ஒட்டினார் ஞானமுத்து. மிஷினில் வைத்தார். மூன்று நிமிடம்.

பிரித்ததும் ஜெயசிங் வந்தார். மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக. சிவப்பு டை, ரத்தச் சிவப்பாக. யாரையோ திட்டப் போகிற அந்த உதடு கூட அப்படியே. ஆனால் ஓரத்தில் டேப் பிடி விட்டிருந்தது.

"ஒரு காது வரல சிஸ்டர்" என்றார் ஞானமுத்து, கிட்டத்தட்ட அழுதுகொண்டே. "புது கப்பு செவ்வாக்கிழமைதான் வரும்."

"எந்தக் காது?"

"இடது."

"அது இருந்தப்பவும் கேக்கல. குடு."

சனிக்கிழமை போதகர் ஜெபத்தை முடித்ததும் டோரதி டீ ஊற்றினார். முகம் மெல்ல மெல்ல வெளுத்து எழுந்தபோது முப்பது பேரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு டீ ஆறியது, கோப்பை கறுத்தது. "ஆறினதும் கெளம்பிட்டார் பாத்தீங்களா? இருந்தப்பவும் இப்படித்தான்" என்றார் டோரதி. அடுத்த வாரம் ஞானமுத்துவுக்கு ஒன்பது ஆர்டர். காக்கிச் சட்டையை மச்சான் போட்டுக்கொண்டார்.

சர்க்கரைக் கதையை டோரதியிடமே கேட்டேன். "சக்கர வியாதி. நான் கம்மியா போட்டா கத்துவார். அதைச் சொன்னேன், பஸ்ஸுல ஏத்திட்டாங்களா?"

ஞானமுத்துவின் கடைச் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "டோரதி சிஸ்டர், இடது காது 1, பாக்கி." இரண்டு காதோடும் ஒரு கோப்பை அலமாரியில் தயார். நாலு தடவை ஆள் அனுப்பியும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"ரெண்டு காதோட வந்தா, நான் சொல்றத கேப்பார்னு தோணிடும்" என்றார் என்னிடம். "இந்த வயசுல எனக்கு அந்தப் பேஜார் வேணாம். அவன் கடன் அவன்கிட்டயே இருக்கட்டும்."