இரும்பு தொட்ட சாணைக்கல்

உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு. நான் மெஷினிலிருந்து இறக்கியபோது பளபளவென்று இருந்தது. ஒரு மழைக்காலம் கழித்து, வாங்கியவர்களிடமிருந்து அது திரும்பி வந்தபோது உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அந்த ஒரு தகட்டில் மட்டும் பதினேழு எண்ணினேன். முந்நூறில் இருநூற்றுப் பன்னிரண்டு தகடுகள் அப்படித் திரும்பின.

நாடு விடுதலை பெற்று ஆறேழு வருடம் ஆகியிருந்தது. மைசூரில், நஞ்சன்கூடு போகும் சாலைப் பக்கம், அளவுக் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் நான் கிரைண்டிங் மெஷினில் நின்றேன். தகடுகளைப் பார்த்து, சரி என்று முத்திரை குத்துபவர் பரிசோதகர். ஆறு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்டோம்.

அலுமினியத்தின் மேல் காற்றே ஒரு மெல்லிய தோலைப் போர்த்திவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோல்தான் உலோகத்தைக் காக்கிறது. சாணைக்கல் அதை உரித்தாலும் நொடியில் புதிதாக வளர்ந்துவிடும். ஆனால் இரும்பு தேய்த்த கல்லையே அலுமினியத்துக்கும் போட்டால் இரும்புத் துகள் தகட்டில் பதியும். அந்த இடங்களில் தோல் சரியாக மூடாது, ஈரம் பட்டதும் அரிக்கும். எங்களிடம் இருந்தது ஒரே கல். தனிக் கல் வேண்டுமென்று பரிசோதகரிடம் மூன்று முறை சொன்னேன். மானேஜருக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றபோது தடுத்தார்.

"காகிதமெல்லாம் எதுக்கு ஓய்? நான் வாயால சொல்லிக்கறேன். நீர் வேலையைப் பாரும்."

குளிக்கும் சொம்புகளைக்கூட எண்ணுகிற நான், அதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

தகடுகள் திரும்பியதும் மானேஜர் இருவரையும் கூப்பிட்டார். கல்லைப் பற்றி முன்பே சொன்னேன், இவருக்குத் தெரியும் என்றேன். பரிசோதகர் மேசைமேல் கிடந்த தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒண்ணும் சொன்னதா ஞாபகம் இல்லை, சார்."

அன்றே என்னை மெஷினிலிருந்து எடுத்துச் சாமான் அறையில் போட்டார்கள். பதினோராம் நாள் அலுமினியத்துக்கென்று தனிக் கல் வந்தது. என் மெஷினில் வேறொருவர் நின்றார். அன்று மதியம் பரிசோதகர் எப்போதும்போல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சோற்று டப்பாவைத் திறந்தார்.

"மனசுல வச்சுக்காதீர் ஓய். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கா."

எண்பத்திரண்டு வயதாகியும் அந்தச் சமாதானம் எனக்குச் செரிக்கவில்லை. எனக்கு நாலு பெண்கள். அது அவருக்குத் தெரியும். நாலாவது பெண்ணைத் தொட்டிலில் இட்ட அன்று, அவள் காதில் குனிந்து பெயர் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.