கழட்டி வச்ச மணி

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போற ஆளு நான். மின்சார மணி அடிக்குதுன்னா பேட்டரியில உசிரு இருக்கு, கம்பி அறுந்து போகல, அவ்வளவுதான். இருபது வருஷம் ரயில்வே கேட்டு மணிங்களைப் பழுது பாத்தவன் சொல்றேன். ஆனா அந்த ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும் எங்கிட்ட பதில் கிடையாது. நீங்க சிரிச்சாலும் சரி, கேட்டுக்குங்க.

பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போன ஐப்பசி அது. திருநள்ளாறு தாண்டி வயலுக்கு நடுவுல ஒரு கேட்டு. ரயில் கிளம்பினா ஸ்டேஷன்ல பித்தானை அழுத்துவாங்க, கேட்டுக் குடிசையில மணி மூணு தடவை அடிக்கும், கேட்டுக்காரர் செல்லையா போய்ச் சாத்துவார். அந்த மணி கரகரன்னு இழுக்குதுன்னு என்னை அனுப்பியிருந்தாங்க.

மணியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வரணும். நான் குடுக்கல. காலை வண்டி எல்லைச் சாவடியில நின்னு, மூட்டை முடிச்செல்லாம் சோதனை முடிஞ்சு வர அரைமணி நேரம் பிந்தும், அது ஊருல குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தச் சோதனையை எடுத்து நாலு நாள் ஆச்சு. எடுத்த அன்னிக்கு மிட்டாய் வாங்கித் தெருவுக்கே குடுத்தவன் நான்தான், இருந்தும் பழைய பழக்கம் மண்டைய விட்டுப் போகல பாருங்க. செல்லையாவும் அதே நெனப்புல டீ போட்டுக்கிட்டிருந்தார்.

ராத்திரி பூரா பெஞ்ச மழை விட்டு, வெளியில ஒரே மூட்டம். வயலும் இல்லை, வாய்க்காலும் இல்லை, தண்டவாளம் பத்தடியில காணாமப் போயிடுது. எங்கேயோ வாத்துக் கூட்டம் கத்துது, பக்கமா தூரமான்னு தெரியல. கம்பியெல்லாம் கழட்டிட்டு, மணிக் கிண்ணத்தை மடியில வச்சுத் துடைச்சுக்கிட்டிருந்தேன். தூக்கமும் இல்லை முழிப்பும் இல்லை, அப்படி ஒரு சொக்கு.

அப்போ அடிச்சுச்சு. மூணு தடவை, கணீர்னு, கரகரப்பே இல்லாம.

"செல்லையா, மணி!"

"என்னண்ணே உளர்றீங்க? பிரிச்சு மடியில வச்சிருக்கீங்க, அது எங்கேர்ந்து அடிக்கும்?"

அவருக்குப் பாம்புக்காது, அவருக்கே கேக்கல. ஆனா என் காலு என்னைக் கேக்காம ஓடிடுச்சு. மூட்டத்துக்குள்ளேர்ந்து ஒரு கூண்டு வண்டி, கேட்டுக்குள்ள நுழையப் போகுது. மாட்டு மூஞ்சிக்கு நேரா இழுத்துச் சாத்தினேன்.

வண்டியிலேர்ந்து ஒரு மரைக்காயர் குதிச்சார். "தம்பி, அல்லாவுக்காகத் தொறங்க. தலைப்பிரசவம், புள்ள ராத்திரியிலேர்ந்து துடிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

தொறக்கத்தான் நெனச்சேன். ரயில் சத்தமே இல்லை. செல்லையா வேற பின்னாடியே வந்து, "பாவம்ணே, விடுங்க"ன்னு சொல்லிக் கேட்டைத் தொறக்கக் கையை வச்சுட்டார். நான் ஏன் அவர் கையைத் தட்டிவிட்டேன்னு எனக்குத் தெரியாது. வயித்துப்புள்ளக்காரியை நடு ரோட்டுல நிறுத்துறோமேன்னு உடம்பெல்லாம் கூசுச்சு.

அப்போ கூண்டுக்குள்ளேர்ந்து அந்தப் பொண்ணு, மூச்சு வாங்கிக்கிட்டே சொல்லுச்சு.

"நில்லுங்க வாப்பா. மணிதான் அடிச்சுச்சே."

மரைக்காயர் என்னைப் பாத்தார். அவர் வாயைத் தொறக்குறதுக்குள்ள ஊதல் கேட்டுச்சு, கேட்டப்பவே எஞ்சின் எங்க முன்னாடி. பெட்டி பெட்டியா மூட்டத்துலேர்ந்து வந்து மூட்டத்துக்குள்ளேயே போயிடுச்சு. செல்லையா தரையில உக்காந்துட்டார். கேட்டைத் தொறந்ததும் மரைக்காயர் என் ரெண்டு கையையும் பிடிச்சுட்டு ஏறிப் போனார். ஆஸ்பத்திரியில சுகப்பிரசவம், பொம்பளப்புள்ளைன்னு மறுநாள் ஆள் வந்து சொன்னப்பதான் எனக்கு சோறு இறங்குச்சு.

அதெல்லாம் சரி. ஏதோ பிரமைன்னு நானே சொல்லிக்கிட்டிருப்பேன். ஆனா மாட்டுவண்டி போனப்புறம் மணியைப் பூட்ட உக்காந்தேன் பாருங்க. கிண்ணத்தை அடிக்கிற குட்டிச் சுத்தியைக் காணோம். தேடித் தேடிப் பாத்துட்டு சட்டைப் பையில கையை விட்டேன். முதல்லயே கழட்டி அங்கதான் போட்டிருக்கேன். மணி அடிச்சு அடங்குறப்போ ஒரு அதிர்வு இருக்கும்ல, அந்தச் சுத்தி என் விரலுக்குள்ள அப்படி இன்னும் அதிர்ந்துகிட்டிருந்துச்சு.