சந்தனம் பூசிய கார்ப் புத்தகம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் அப்பாவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. அம்பாசடர், பியட், லாரி எல்லாம் வந்துபோகிற இடம். எண்பதுகளில் ஒரு ஆடி மாதம் அங்கே வந்து நின்ற சிவப்பு ஜப்பான் காரைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இரண்டே கதவு. தரையோடு பதுங்கிய உடம்பு. முன்னால் விளக்கே கிடையாது. சுவிட்சைத் தட்டினால் இரண்டு மூடிகள் எழும்பும், விளக்குகள் அப்போதுதான் வெளியே தெரியும். குற்றாலத்தில் அதைத் தட்டிக் காட்டினால், தலையில் எண்ணெய் வைத்தவர்கள் குளிக்கப் போகாமல் சுற்றி நிற்பார்கள்.

அதன் சொந்தக்காரர் சுரண்டைக்காரர். இருபது வருடம் பினாங்கில் உழைத்து, கப்பலில் அந்தக் காரோடு திரும்பியதால் எங்களுக்கு அவர் பினாங்குக்காரர். “கம்பெனிக்காரன் இந்த மாடலையே நிறுத்திட்டான். இனி எவன் நெனச்சாலும் புதுசா வாங்க முடியாது” என்று, தன் பெண் பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்.

அந்த மூடிகள்தான் பத்து நாளாக எழும்பவில்லை. பார்க்காத மெக்கானிக் இல்லை. சாயங்காலம் வண்டியை எடுக்க முடியவில்லை, போலீஸ் இரண்டு தடவை நிறுத்திவிட்டது.

“மூடிய வெட்டி எடுத்துட்டு ரெண்டு பியட் லைட்ட வச்சு ஒட்டிருங்க அண்ணாச்சி” என்றார் அப்பாவிடம். சொல்லும்போது காரைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள். அந்தச் சனிக்கிழமை நான் பட்டறைக்குள் நுழைந்தபோது, வெட்ட வேண்டிய இடத்தில் அப்பா சாக்பீஸால் கோடு போட்டு முடித்திருந்தார்.

“வெட்டாதீங்கப்பா.”

“ஏலே, வண்டி அவரு வண்டி. ஒனக்கு எங்கன வலிக்கி?”

எனக்கு வலிக்கத்தான் செய்தது. அந்த வருடம்தான் வகுப்பில் எந்திரப் படம் வரையப் பழகிக்கொண்டிருந்தேன். அந்தக் காரில் வீணாக ஒரு வளைவு கிடையாது. யாரோ ஒருவன் என்னைப் போலவே பென்சிலோடு குனிந்து உட்கார்ந்து, அழித்து அழித்து வரைந்த கோடு அது. வெட்டிவிட்டால் அந்த மூடிக்கு மாற்று மூடி கிடைக்காது.

“அண்ணாச்சி, வண்டிகூட ஒரு பொஸ்தகம் குடுத்திருப்பானே?” என்று பினாங்குக்காரரைக் கேட்டேன்.

“இருக்கே. வீட்ல சாமி படத்துக்கிட்ட.”

“வாசிச்சிருக்கீங்களா?”

“வாசிக்கவா? வருசா வருசம் ஆயுத பூசைக்குச் சந்தனம் வச்சுக் கும்பிடுதோம்லா!”

பக்கத்தில் லாரிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். “போன வருசம் சந்தனம் கொறஞ்சிருக்கும் அண்ணாச்சி. அதான் கண்ணத் தெறக்க மாட்டேங்கு!”

அப்பா சிரிக்கவில்லை. “அஞ்சு மணிவரைக்கும் பொறுக்கேன். நாளைக்கு வேற வேலை கெடக்கு. அப்புறம் வெட்டிருவேன்” என்றார்.

சுரண்டைக்குப் பஸ் ஏறினேன். அந்த வீட்டம்மா கை கழுவிவிட்டு வந்து, மஞ்சள் துணியைப் பிரித்து, புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் பிரித்தால் பக்கங்கள் சந்தனத்திலும் குங்குமத்திலும் ஒட்டிக் கிடந்தன. நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அச்சு கலையாத இங்கிலீஷ். தென்காசி வருவதற்குள் விளக்கு மூடியைப் பற்றிய பக்கம் கிடைத்துவிட்டது.

நான் போய் நின்றபோது மணி நாலே முக்கால். அப்பா கேஸ் குழாயை மாட்டி வைத்திருந்தார். நான் வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். பேட்டரி வயரை முதலில் கழற்ற வேண்டும். விளக்குக்குப் பின்னால் மோட்டார். அதன் தலையில் ஒரு ரப்பர் மூடி, அதற்கடியில் ஒரு திருகு. கையால் சுற்றினால் விளக்கு எழும்பும்.

அப்பாவின் தடித்த கை உள்ளே போய்த் துழாவியது. “இருக்குலே! பொஸ்தகத்துல சொன்ன எடத்துலயே இருக்கு.”

சுற்றினார். பாதியில் நின்றது.

“இன்னும் பலமாச் சுத்தணும்ப்பா.”

“அப்பிடிப் போட்டிருக்கா?”

“இல்ல.”

“அப்போ வாசிக்கத மட்டும் செய்யி. இது மோட்டார் கோளாறு இல்ல, வேற எதோ தடுக்கு.”

டார்ச் அடித்துப் பார்த்தார். கீல் இடுக்கில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இரண்டு பக்கமும். அதை மீறி மூடியைத் தூக்க முடியாமல்தான் மோட்டார் திணறி ஃபியூஸ் போயிருந்தது. கம்பியால் கூட்டைச் சுரண்டி எடுத்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, ஃபியூஸை மாற்றி, பேட்டரியை மாட்டினார்.

பினாங்குக்காரர் சுவிட்சைத் தட்டினார். இரண்டு மூடிகளும் ஒன்றாக எழுந்தன. அவர் இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

“யாரு அண்ணாச்சி சரி பண்ணுனது?” என்று பெயின்டர் எட்டிப் பார்த்தார்.

“எம் மவன் வாசிச்சான். நான் சுத்துனேன்” என்றார் அப்பா, சாலை வரை கேட்கிற குரலில்.

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, தான் போட்ட சாக்பீஸ் கோட்டைத் தானே துடைத்தார். துடைத்தபடியே, “அடுத்த பக்கத்துல என்னலே போட்டிருக்கு? வாசி” என்றார்.