தார்ப்பாய் கழன்ற தலை

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவன் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அதனால் என்ன? என் பட்டறையிலிருந்து போன வண்டிகள் காஷ்மீர் வரைக்கும் ஓடுகின்றன. பலகை பிளந்தது, கொக்கி பிடுங்கிக்கொண்டது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தைத் தூரத்தில் நின்று பார்த்தே எந்தப் பக்கம் கோணல் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னையே பல வருஷம் ஆட்டிவைத்தது என் தலைமுடி.

உச்சியில் முடி கொட்டிய பிறகு, இடது காதுக்கு மேலே ஒரு கொத்தை நீளமாக வளர்த்தேன். எண்ணெய் தடவி, அதை வலது காது வரைக்கும் இழுத்துப் படிய வாரிவிடுவேன். மேலே சாயமும் உண்டு. அந்த வேலையிலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் காரில் போனால் கண்ணாடியை இறக்க முடியாது. பட்டறையில் மரத்தூள் பறந்தால் எல்லாம் எண்ணெயில் அப்பிக்கொள்ளும். தலைக்குக் குளித்த அன்றைக்கு, அது காய்ந்து படிகிற வரைக்கும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பேன். பெற்ற மகள்கூட என்னை அந்தக் கோலத்தில் பார்த்ததில்லை.

அந்த மகளுக்குத்தான் கல்யாணம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீடு திருச்செங்கோடு. அவர்களும் லாரிக்காரர்கள். புதன்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் நடுவதாக இருந்தது. அதற்கு முந்தைய திங்கட்கிழமை, பட்டறையில் ஒரு புது வண்டி டெலிவரி. எடுக்க வந்தவர் சங்ககிரிக்காரர், பழைய வாடிக்கை. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, முதல் மாலை வண்டிக்கு. இரண்டாவது மாலையை வண்டிக்காரர் பட்டறைக்காரனுக்குப் போட வேண்டும். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனே நான்தான்.

அவர் மாலையைப் போட்டார். நான் குனிந்தேன். மாலையில் சுற்றியிருந்த ஜரிகை என் முடியில் மாட்டிக்கொண்டது. அது தெரியாமல் அவர் மாலையைத் தூக்கிச் சரிசெய்யப் பார்த்தார். மொத்தக் கொத்தும் கிளம்பி, கேபின் கதவு திறந்த மாதிரி இடது பக்கமாக நின்றது.

"அண்ணா, தார்ப்பாய் கழண்டு போச்சுங்கோவ்!" என்று கத்தினார் அவர்.

பட்டறையே சிரித்தது. அவருடைய டிரைவர் செல்போனில் பூஜையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவும் அதில் விழுந்துவிட்டது. மதியத்துக்குள் லாரிக்காரர்கள் போனிலெல்லாம் அது ஓட ஆரம்பித்துவிட்டது என்று தகவல் வந்தது.

எனக்கு என்னைப் பற்றிக் கவலை இல்லை. என்னை நேருக்கு நேர் கேலி செய்ய நாமக்கல்லில் யாருக்குத் தைரியம் இருக்கிறது? ஆனால் கல்யாண மண்டபத்தில் சம்பந்திகள் மாலை மாற்றிக்கொள்ள வேண்டும். அத்தனை சனத்துக்கு முன்னால் நான் மறுபடியும் குனிய வேண்டும். லாரித் தொழிலில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் ஒட்டினால் பேரன் காலம் வரைக்கும் போகாது. போகிற வீட்டில் என் மகளைத் 'தார்ப்பாய்க்காரர் மகள்' என்று கூப்பிட்டால் அவள் எப்படித் தலை நிமிர்ந்து இருப்பாள்?

முடியை ஒட்ட வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். முகூர்த்தக்கால் நட்டுவிட்டால் கல்யாணம் முடிகிறவரை வீட்டுக்காரன் தலையில் கத்தி படக்கூடாது, எங்கள் வீட்டு வழக்கம். செவ்வாய்க்கிழமை சலூனே திறக்காது. ஆக, இருந்தது திங்கட்கிழமை சாயங்காலம் ஒன்றுதான்.

வீட்டுக்காரி வாசலை மறித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, கண்ணாலத்த வெச்சுக்கிட்டு மொட்டையடிக்கப் போறீங்களா? பாக்கறவங்க எழவு ஊடுன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"மொட்டை இல்ல புள்ள. கட்டிங்கு."

"உங்க தலைக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க."

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "விடுங்கம்மா. அப்பா, போய் வெட்டிட்டு வாங்கப்பா. நிச்சயதார்த்த போட்டோவுல மண்டைல கோடு கோடா தெரியுது. சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னுதான் சொல்லல."

அதற்கு மேல் நான் நிற்கவில்லை.

சலூன் சுவரில் இருந்த படமெல்லாம் சேவல் கொண்டை வைத்த பயல்கள். கடைக்காரர் துணியைப் போர்த்திவிட்டு, "வழக்கம்போல ஓரம் மட்டும் தட்டிரலாங்களாண்ணா?" என்றார்.

"அந்த நீளத்த எடுத்துருங்க."

அவர் கத்தரி நின்றது. "நெசமாத்தான் சொல்றீங்களா? பொறவு என்னையத் திட்டக்கூடாதுங்க."

எப்படி வெட்டுவது என்று நானே சொன்னேன். வண்டியில் பக்கப்பலகை உயரமாக இருந்து நடுவில் சரக்கு இல்லாவிட்டால், காலி வண்டி என்று ஒரு மைல் தூரத்திலேயே தெரியும். பக்கத்தை இறக்கிவிட்டால் உள்ளே இருக்கிற கொஞ்சமும் நிறைவாகத் தெரியும். தலையும் அப்படித்தான். காதோரமும் பிடரியும் மெஷினில் ஒன்றாம் நம்பர், மேலே மூன்றாம் நம்பர். இரண்டும் சேருமிடத்தில் படி தெரியாமல் இழைக்க வேண்டும். மீசை அப்படியே இருக்கட்டும், நுனியை மட்டும் ஒதுக்கினால் போதும். சாயம் இனிமேல் வேண்டாம்.

"நாங்களும் அதத்தானுங்க சொல்லுவோம், நீங்க கேட்டாத்தானே!" என்றார் அவர். முடித்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு எண்ணெயைத் தேய்த்துத் தலையில் ஒருமுறை தடவிவிட்டார். "அவ்வளவுதாங்க. சீப்பே வேண்டாம். மாசம் ஒருக்கா வந்தாப் போதும்."

கண்ணாடியில் பார்த்தேன். நெற்றி அகலமாக, தாடை உறுதியாக, நாலு பட்டறைக்கு முதலாளி மாதிரி ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். திரும்பும்போது காரின் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். மண்டையில் காற்று நேராகப் பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முகூர்த்தக்கால் அன்று ஒரு பெரியவர், "பழனிக்குப் போய்ட்டு வந்தியா சாமி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "இல்லீங் மாமா, இதுதான் இப்ப ஸ்டைலுங்களாமா" என்றாள், வாசலை மறித்த அதே வீட்டுக்காரி.

மண்டபத்தில் சம்பந்தி மாலையோடு எதிரில் வந்தபோது மட்டும் பழைய பழக்கத்தில் கை தலைக்குப் போனது. குனிந்தேன். மாலை வழுக்கிக்கொண்டு கழுத்தில் இறங்கியது. ஜரிகை பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. யாரும் என் தலையைப் பார்க்கக்கூட இல்லை. இவ்வளவு எடுப்பான தலையை ஒருத்தரும் கவனிக்கவில்லையே என்று லேசாக வருத்தம்கூட வந்தது.

அப்புறம் மேடைக்கு எதிரிலேயே போட்டிருந்த பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா. அன்றைக்குத்தான் என்னை முதல்முதலாகப் பார்க்கிறார். சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே செல்போனை என் பக்கம் நீட்டினார்.

"சம்மந்தி, இதப் பாருங்க. சிரிச்சே செத்துருவீங்க. எவனோ பட்டறைக்காரனாமா. மாலை போடறப்ப தார்ப்பாய் கழண்டுருச்சு!"

பார்த்தேன். பாதி முகத்தை மாலை மறைத்திருந்தது. மீதிப் பாதியில் கறுகறுவென்று சாயம், ஒருபக்கமாகக் கிளம்பி நிற்கிற கொத்து. எனக்கே அந்த ஆளை அடையாளம் தெரியவில்லை.

"யாருங்க இவன்?" என்று கேட்டேன்.

"தெரியலைங்களே. உங்க ஊருப் பக்கம்னு சொல்றாங்க. உங்களுக்குத் தெரியுங்களா?"

"நம்மூர்ல இப்படி ஒருத்தன் இல்லீங்க" என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். மேடையில் நின்ற மகள் சத்தம் கேட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். என்னவென்று கையால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு, இலையில் இன்னொரு லட்டு வைக்கச் சொன்னேன்.